அப்பாவின் மாரடைப்பும் உங்கள் நைட் டியூட்டியும்

கேள்வி: எனக்கு வயது 38. நர்ஸ் வேலை. 12 வருடமாக மாறி மாறி நைட் டியூட்டி பார்க்கிறேன். அப்பாவுக்கு 52 வயதில், காலை ஏழு மணிக்கு மாரடைப்பு வந்தது. உடல் கடிகாரத்துக்கென்று மரபணுக்கள் உண்டு, அவை கெட்டால் இதயமும் கெடும் என்று சமீபத்தில் படித்தேன். அன்றிலிருந்து பயமாக இருக்கிறது. மரபணுப் பரிசோதனை செய்து பார்க்கட்டுமா? வேலையை விட்டுவிடவா?

பதில்: அன்புள்ள சகோதரி, பரிசோதனை வேண்டாம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பணத்துக்கு வேறு நல்ல செலவு இருக்கிறது, பிறகு வருகிறேன்.

நம் உடலின் ஏறக்குறைய எல்லா செல்களிலும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. கிளாக், பிமால்1 என்ற இரண்டு மரபணுக்களின் புரதங்கள் ஜோடி சேர்ந்து, பெர், கிரை என்ற மரபணுக்களை முடுக்கிவிடும். அவற்றின் புரதங்கள் மெல்ல மெல்லச் சேரும். போதுமான அளவு சேர்ந்ததும், தங்களை முடுக்கிவிட்ட அந்த ஜோடியையே அடக்கிவிடும். அப்புறம் அவை சிதைந்துபோக, ஜோடி மறுபடி வேலையைத் தொடங்கும். இந்தச் சுற்றுக்கு ஆகும் நேரம் ஏறக்குறைய 24 மணி. பழ ஈக்களை வைத்து இதன் சூட்சுமத்தை அவிழ்த்த ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கிடைத்தது.

மூளைக்குள் சுமார் 20,000 நரம்பு செல்கள் கொண்ட ஒரு சின்னத் திரள்தான் தலைமைக் கடிகாரம். அது கண் வழியே வரும் வெளிச்சத்தைப் பார்த்து நேரம் திருத்திக்கொள்ளும். இதயம், ரத்தக் குழாய், கல்லீரல் எல்லாவற்றுக்கும் சொந்தக் கடிகாரம் உண்டு. ஆனால் கல்லீரல் நீங்கள் சாப்பிடும் நேரத்தையும் பார்க்கும். இரவு இரண்டு மணிக்கு நீங்கள் டிபன் பாக்ஸைத் திறக்கிறீர்கள். மூளை இன்னும் இரவு என்கிறது, கல்லீரலோ பகல் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறது. ஒரே உடம்புக்குள் இரண்டு நேரம். என்னைக் கேட்டால், கவலைப்பட வேண்டியது இதற்குத்தான்.

அப்பாவுக்குக் காலையில் வந்ததே, கடிகாரம் கெட்டுப்போனதாலா என்று நீங்கள் நினைத்திருக்கலாம். உண்மை கிட்டத்தட்ட நேர்மாறு. காலை ஆறு மணியிலிருந்து மதியம் வரை மாரடைப்பு அதிகம் என்பது 1985லேயே பதிவான விஷயம். விழித்தெழும் நேரத்தில் கார்டிசால் என்ற ஹார்மோன் ஏறுகிறது, பிரஷர் ஏறுகிறது, ரத்தத் தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக்கொள்கின்றன. ரத்தக் கட்டி கரைவதைத் தடுக்கும் ஒரு புரதமும் காலையில்தான் உச்சத்துக்குப் போகிறது. ஒழுங்காக ஓடும் கடிகாரம் தினமும் செய்கிற வேலைதான் இது. குழாய்க்குள் ஏற்கெனவே கொழுப்பு படிந்திருந்தால், அந்த நேரம் ஆபத்தாகிவிடுகிறது.

மரபணு கெட்டால் இதயம் கெடும் என்று நீங்கள் படித்தது பொய்யில்லை. எலியின் இதயத் தசையில் மட்டும் பிமால்1ஐ நீக்கினால், இதயம் வீங்கித் தளர்ந்துவிடும். ஆனால் அது மரபணுவையே அடியோடு எடுத்துவிட்ட எலி. மனிதர்களிடம் இருப்பதெல்லாம் பெரும்பாலும் சின்னச் சின்ன வேறுபாடுகள். உங்கள் மாரடைப்பு ஆபத்தை இதை வைத்துக் கணித்துச் சொல்லும் பரிசோதனை இல்லை.

2009இல் வெளியான ஓர் ஆய்வில், 10 பேரை ஆய்வகத்தில் தங்கவைத்து 28 மணி நேர 'நாள்' வாழவைத்தார்கள். தூக்கமும் சாப்பாடும் நாளுக்கு நாள் தள்ளிப்போய்த் தலைகீழான கட்டத்தில் பிரஷரும் சர்க்கரையும் ஏறின. அவர்கள் மரபணுவில் எதுவும் மாறவில்லை, நேரம்தான் மாறியது. 1,89,000 அமெரிக்க நர்ஸுகளை 24 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2016இல் வந்தது. 10 வருடத்துக்கு மேல் மாறி மாறி நைட் டியூட்டி பார்த்தவர்களுக்கு இதய ரத்தக்குழாய் நோயின் ஆபத்து 15 முதல் 18 சதவீதம் கூடுதல். அதாவது 100 பேருக்கு வருகிற இடத்தில் 115, 118 பேருக்கு. அதே ஆய்வில், நைட் டியூட்டியை விட்டு வருடங்கள் போகப் போக ஆபத்து குறைந்ததும் தெரிந்தது. எனக்கு நிம்மதி தந்த வரி அது.

வேலையை விட வேண்டாம். முடிந்தால் நிரந்தரப் பகல் ஷிப்ட் கேளுங்கள். கிடைக்காவிட்டால், இரவில் விழித்திருந்தாலும் பெரிய சாப்பாட்டை நள்ளிரவுக்கு முன்பே முடித்துவிடுங்கள். அடுத்தது விடிந்த பிறகு. இரவு வேலை போலவே நடத்திய ஓர் ஆய்வக ஆய்வில், பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை ஏறவில்லை. நீங்கள் சர்க்கரைக்கு மருந்து எடுப்பவராக இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யாதீர்கள். பகலில் தூங்கும் அறை நல்ல இருட்டாக இருக்கட்டும், போனும் வெளியே இருக்கட்டும்.

சரி, அந்தப் பணம். 24 மணி நேர பிரஷர் பரிசோதனைக்குக் கொடுங்கள். கையில் கட்டிய பட்டை தூக்கத்திலும் இறுகி இறுகி விடும், கொஞ்சம் தொந்தரவுதான். ஆனால் தூங்கும்போது பிரஷர் 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டும், உங்களுக்கு இறங்குகிறதா என்று அது சொல்லிவிடும். எந்த நேரம் தூங்கினீர்கள் என்று குறித்துக் கொடுங்கள். கூடவே கொழுப்பு, சர்க்கரை அளவும் பாருங்கள். அப்பாவுக்கு 55 வயதுக்குள் மாரடைப்பு வந்தது என்பதை டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். எந்த மரபணு அறிக்கையைவிடவும் அந்த ஒரு வரி அவருக்கு அதிகம் உதவும்.

இன்னொன்று. நர்ஸுகள் பலர் தங்கள் வலியை ஷிப்ட் முடியும்வரை தள்ளிப்போடுகிறார்கள். நெஞ்சில் அழுத்தமோ, தாடையிலோ கையிலோ வலியோ, காரணமில்லாத வியர்வையோ வந்தால், பக்கத்தில் இருப்பவரை உடனே கூப்பிட்டு இசிஜி எடுக்கச் சொல்லுங்கள்.