கேள்வி பதில்: தண்டவாள ஓரத்துக் கேபிளுக்கு யானை நடப்பது கேட்குமா?

குழாய்ப் பாதைகளிலும் ரயில் பாதை ஓரங்களிலும் கண்ணாடி இழைக் கேபிளை வைத்து அதிர்வு பிடிப்பதுதான் பல வருடமாக எனக்குச் சோறு போடும் வேலை. கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, ஒளி போகிற கேபிளுக்குச் சத்தம் எப்படிக் கேட்கும்?

உள்ளே மைக் எதுவும் கிடையாது தம்பி. ஒரு முனையில் மட்டும் ஒரு லேசர் பெட்டி. அது நொடிக்கு ஆயிரக்கணக்கில் ஒளித்துடிப்புகளை அனுப்பும். கண்ணாடியை உருக்கி இழையாக இழுக்கும்போதே நுண்ணிய அடர்த்தி வேறுபாடுகள் அதற்குள் உறைந்துவிடுகின்றன. அவற்றில் பட்டு ஒளியில் துளியூண்டு திரும்பி வரும். இதுதான் ரேலே சிதறல். கண்ணாடிக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். 1 கி.மீ. போய்த் திரும்ப 10 மைக்ரோ நொடி. வந்த நேரத்தை வைத்து இடத்தைச் சொல்லிவிடலாம். பக்கத்தில் யாராவது கடப்பாரை போட்டால் மண் அதிரும், இழை நானோமீட்டர் கணக்கில் நீளும், திரும்பும் ஒளியின் கட்டம், அதாவது அலையின் ஏற்ற இறக்கம் எந்த நிலையில் வந்து சேர்கிறது என்பது, மாறும். 40 கி.மீ. இழையை 10 மீட்டர் துண்டுகளாகப் பார்த்தால் 4,000 காதுகள்.

ஒரு எச்சரிக்கை. கேபிள் நீளம் வேறு, தரை நீளம் வேறு. ஜாயின்ட் குழிகளில் உபரிக் கேபிளைச் சுருட்டி வைத்திருப்பார்கள். பெட்டி 12,340 மீட்டர் என்று காட்டும் இடம் மைல்கல்லில் 12,100ஆக இருக்கலாம். சம்மட்டியோடு நடந்து போய்த் தரையில் அடித்து, எந்தத் துண்டு துள்ளுகிறது என்று குறித்துக்கொள்ளாமல் யாரும் வேலையை ஆரம்பிக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் வீட்டு இணைய ஃபைபர் வழியாக நாங்கள் பேசுவதை ஒட்டுக்கேட்க முடியுமா?

இழையைச் சுருளாகச் சுற்றி மைக் மாதிரி செய்யலாம், அது ஆய்வுக்கூடத்து வித்தை. தெருவில் புதைத்த கேபிளுக்கு உங்கள் பேச்சு எட்டாது. லாரி போவது கேட்கும்.

கேள்வி: யானைக்கும் மாட்டுக்கும் வித்தியாசம் தெரியுமா?

நல்ல கேள்வி. வடகிழக்கு எல்லைப்புற ரயில்வே 2022இல் மேற்கு வங்கத்தின் அலிப்பூர்துவார் கோட்டத்தில் சல்சா – ஹாசிமாரா இடையே இதைச் சோதித்தது. பிறகு 'கஜராஜ்' என்ற பெயரில் விரிவாக்கத் திட்டம் வந்தது. அவ்வளவு எடை இருந்தும் யானை பூனை மாதிரிக் காலை வைக்கும். உள்ளங்காலில் மெத்தை போலக் கொழுப்பு. ஓங்கிக் குத்தாது, நிதானமாக அழுத்தும். ஆகவே ஒரு அடியின் பலத்தை நம்பக்கூடாது. தாளத்தைப் பார்க்க வேண்டும். அந்தத் தாளம் துண்டிலிருந்து துண்டுக்கு நகர்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேன் நடப்பது, மாடு ஓடுவது எல்லாவற்றையும் அந்த ஊர் மண்ணிலேயே பதிவு செய்து மென்பொருளுக்குப் பழக்க வேண்டும். ஈர மண்ணில் பழக்கியது வறண்ட மண்ணில் தடுமாறும்.

கேள்வி: நான் மதுக்கரை பக்கம். 2021 நவம்பரில் மூன்று யானைகள் ரயிலில் அடிபட்டுச் செத்த ஊர். 2024இலிருந்து இங்கே 12 கோபுரங்களில் கேமரா வைத்துப் பார்க்கிறார்கள். கண்ணால் பார்க்கும்போது கேபிள் எதற்கு?

வளைவுக்கு அப்பால் கேமராவுக்குத் தெரியாது ஐயா. கேபிள் பல இடங்களில் ஏற்கெனவே தொலைத்தொடர்புக்காகக் கிடக்கிறது, அதில் காலியாக ஒரு இழை இருந்தால் போதும்.

அதே நண்பர்: தண்டவாளத்தில் அசையாமல் நிற்கிற யானையைக் கேபிள் சொல்லுமா?

நிற்கிற இடத்துக்கு நடந்துதானே வந்திருக்கும்?

அதே நண்பர்: ஒரு ரயில் கடக்கிற சத்தத்தில் வந்து நின்றிருந்தால்?

மாட்டிக்கொண்டேன். ரயிலின் அதிர்வில் யானையின் காலடி மூழ்கிப்போகும். அசையாததை இந்தக் கருவி அறியாது.

கேபிள் பதிக்கும் ஒப்பந்தக்காரர் ஒருவர்: இரண்டையும் வைத்தால் ஆயிற்று, எதற்குச் சண்டை?

வைக்கலாம். ஆனால் உங்கள் ஆட்கள் கேபிளைத் தளர்வாக டக்ட் குழாய்க்குள் விட்டுவிட்டுப் போனால் கேமராதான் கதி. மண் கேபிளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சம்மட்டி எடுத்துக்கொண்டு போனால் உங்களுக்கே தெரியும்.

கேள்வி: கடலடிக் கேபிளில் நிலநடுக்கம் பிடிக்கலாமா?

பிடித்தாயிற்று. 2018இல் கலிஃபோர்னியாவின் மான்டரே வளைகுடாவில் 20 கி.மீ. கடலடிக் கேபிளில் நான்கு நாள் செய்த சோதனையில் ஒரு நிலநடுக்கம் பதிவானது. அதே ஆண்டு பெல்ஜியம் கரையோரக் கேபிளில் ஃபிஜியின் 8.2 அளவு நிலநடுக்கம் தெரிந்தது. ஆனால் நீண்ட கேபிள்களில் இடையிடையே ஒளிப் பெருக்கிகள் இருக்கும். சிதறிய ஒளி அவற்றைத் தாண்டித் திரும்பாது. முதல் பெருக்கி வரைதான் நம் ஆட்சி.

கேள்வி: கல்லூரி புராஜெக்ட்டுக்கு மலிவாகச் செய்யலாமா சார்?

முழுக் கருவி வேண்டாம். ஒளியை இரண்டாகப் பிரித்து மறுபடி சேர்த்து ஒப்பிடும் ஒரு குறுக்கீட்டுமானியைக் கட்டி, இழையை மேசையில் ஒட்டித் தட்டிப் பாருங்கள். எந்த இடம் என்று சொல்லாது, அதிர்வைச் சொல்லும். லேசருக்குள் கண் வைக்காதீர்கள். 1550 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது.

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரர் ஃபைபர் போட்டிருக்கிறார், எங்கள் பேச்சு…

இரண்டாவது கேள்விக்கான பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஹாலில் மோடம் இருக்கிறது, அது கேட்குமா?

லாரி ஹாலுக்குள் வந்தால் சொல்லுங்கள்.