சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படிந்தால் பொஸ்பேற்றை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கும் 11 வயது மகனுக்கும் பரம்பரை றிக்கெற்ஸ் (எலும்பு மென்மையாகிக் கால் வளையும் நோய்). சிறு வயதிலிருந்தே அவன் பொஸ்பேற் கரைசலும் அல்பாகல்சிடோல் என்ற விற்றமின் டி வகைக் குளிசையும் எடுக்கிறான். இப்போது ஸ்கானில் சிறுநீரகங்களில் சுண்ணாம்புப் படிவு தெரிகிறதாம். கிணற்றுத் தண்ணீர்தான் காரணம் என்கிறார் மாமியார். மருந்தை நிறுத்தலாமா?
– ஒரு தாய், கோண்டாவில்

பதில்: நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வளரும் பிள்ளைக்கு மருந்து நின்றால் கால்கள் மறுபடி வளையத் தொடங்கும். கிணற்றின் மேலும் பழி போட வேண்டாம். நம் சுண்ணக்கல் தண்ணீர் கேத்திலில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்தவருக்கு அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் இந்த நோயாளிகளிடம் காணப்படும் படிவு பெரும்பாலும் சிகிச்சையின் விளைவு.

இந்த நோயில் எப்.ஜி.எப். 23 என்ற ஓமோன் மிகுந்து, எலும்பு உறுதிக்குத் தேவையான பொஸ்பேற் சிறுநீரில் வீணாகிறது. நாம் கொடுக்கும் ஒவ்வொரு வேளை பொஸ்பேற்றும் இரத்தத்தில் சற்று நேரம் ஏறி இறங்கும். அந்த ஏற்றம், இரத்தக் கல்சியத்தைக் கட்டுப்படுத்தும் பரதைரொயிட் என்ற கழுத்துச் சுரப்பியைத் தூண்டிவிடும். அதை அடக்கத்தான் அல்பாகல்சிடோல். அதுவோ குடலிலிருந்து கல்சியத்தை அதிகம் உறிஞ்ச வைக்கிறது. மிஞ்சியது சிறுநீரகத்தில் படிகிறது. ஒன்றைக் கூட்டினால் மற்றதன் கணக்கும் மாறும். இரத்தப் பொஸ்பேற்றைச் சாதாரண அளவுக்குக் கொண்டுவந்தே தீருவது என்று அளவை ஏற்றிக்கொண்டே போவதில்தான் ஆபத்து. அந்த எண் குறைவாகவே இருந்தாலும் பரவாயில்லை. பிள்ளை வளர்கிறானா, கால் நேராகிறதா, எலும்பு நோயின் தீவிரத்தைக் காட்டும் அல்கலைன் பொஸ்பற்றேஸ் இரத்த அளவு இறங்குகிறதா என்பதே முக்கியம்.

அடுத்த கிளினிக்கில் கொப்பியைப் புரட்டி, சிறுநீரில் கல்சியமும் பரதைரொயிட் ஓமோனும் கடைசியாக எப்போது பார்க்கப்பட்டன என்று கேளுங்கள். வளரும் வயதில் சில மாதங்களுக்கு ஒருமுறை இவை பார்க்கப்பட வேண்டும். இலேசான படிவு சிறுநீரகத்தின் வேலையைப் பெரும்பாலும் கெடுப்பதில்லை. அளவைத் திருத்தி, ஸ்கானை மீண்டும் எடுத்துப் பார்ப்பார்கள்.

வீட்டில், பொஸ்பேற்றைப் பாலுடன் கொடுக்காதீர்கள். நாளின் பங்கை நான்கைந்து வேளையாகப் பிரித்துக் கொடுப்பது வயிற்றோட்டத்தையும் குறைக்கும். உறவினர் அனுப்பும் கல்சியக் குளிசைகள் வேண்டாம். வைகாசி வெயிலில் தண்ணீர் போத்தல் பாடசாலைக்கும் போகட்டும்.

2018இல் மேலைநாடுகளில் அனுமதி பெற்ற புரோசுமாப் ஊசி அந்த ஓமோனையே தடுக்கிறது. விலைதான் மலை. கிடைத்தாலும் இந்த இரு மருந்துகளோடு சேர்த்துப் போடக்கூடாது.

கால் சத்திரசிகிச்சை செய்து மகன் படுக்கையில் இருக்க நேர்ந்தால், அல்பாகல்சிடோலைக் குறைக்க வேண்டுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். அசையாத எலும்பு கல்சியத்தை இரத்தத்தில் கொட்டும். வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர் என்று கண்டால் கிளினிக் திகதிவரை காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.