எதிர்பார்த்த மார்க்கு யார் எதிர்பார்த்தது?

கேள்வி: பொண்ணுக்கு போன வருஷம் கணக்குல 91. இந்த வருஷ ரிப்போர்ட்ல 'எதிர்பார்த்தது 86, வாங்கினது 84, முன்னேற்றம் மைனஸ் 2'ன்னு போட்டு சிவப்பு கலர் வேற அடிச்சிருக்காங்க. 91 வாங்கின புள்ளகிட்ட ஏன் 86 எதிர்பாக்கணும்? அதையும் வாங்கலயேன்னு அவங்க அப்பா ஒரே சத்தம். டியூஷன் சேக்கணுமா?

பதில்: முதல்ல அவரை உக்காரச் சொல்லுங்கம்மா. அந்த 86 உங்க பொண்ணைப் பாத்து சொன்ன நம்பரே இல்ல. போன வருஷம் 91ஐ ஒட்டி வாங்கின பிள்ளைங்க எல்லாரையும் சேத்து, இந்த வருஷம் அவங்க சராசரியா என்ன வாங்கினாங்கன்னு பாத்துதான் வழக்கமா இதைப் போடுவாங்க, சராசரின்னாலே ஏறக்குறைய பாதிப் பேர் அதுக்குக் கீழ, அத்தனை பேரும் நல்லாப் படிச்சாலும் சிவப்பு விழத்தான் செய்யும்.

91 ஏன் 86 ஆச்சுன்னு கேட்டீங்க பாருங்க, அதான் நல்ல கேள்வி. 91 வாங்கினவங்கள்ல கொஞ்சப் பேருக்கு அன்னிக்குன்னு தெரிஞ்ச கணக்கா வந்திருக்கும், குத்துமதிப்பா போட்ட விடை சரியாயிருக்கும். அந்த அதிர்ஷ்டம் அடுத்த வருஷமும் வராது, அதனால உச்சியில இருக்கறவங்க சராசரி கொஞ்சம் கீழ இறங்கும், அடியில இருக்கறவங்களோடது மேல ஏறும். கால்டன்னு ஒரு இங்கிலாந்து விஞ்ஞானி 1886லயே உயரத்தை வச்சு இதைக் காட்டிட்டார், ரொம்ப உயரமான பெத்தவங்களோட பிள்ளைங்க சராசரியா அவங்கள விடக் கொஞ்சம் குள்ளம்.

அப்புறம் 2 மார்க். ஒரு கணக்குல மைனஸ் குறியை விட்டாலே போயிடும். அதே பிள்ளைக்கு அதே பாடத்துல வேற கேள்வித்தாள் குடுத்தா மூணு நாலு மார்க் அங்கிட்டு இங்கிட்டு ஆகறது சகஜம். இங்கிலாந்துல 2016லேர்ந்து 'ப்ரோக்ரஸ் 8'ன்னு இதே மாதிரி கணக்கு, 11 வயசு டெஸ்ட்டை வச்சு 16 வயசு ரிசல்ட்டை ஒப்பிடுவாங்க, ஆனா அதுல எடை போடறது ஸ்கூலை, ஒவ்வொரு பிள்ளையை இல்ல. ஸ்கூல் நம்பரையே இவ்வளவுலேர்ந்து இவ்வளவுக்குள்ள இருக்கலாம்னு ஒரு எல்லை போட்டுத்தான் வெளியிடுவாங்க. கொரோனாவால 2020, 2021ல அந்த 11 வயசு டெஸ்ட் நடக்கல, அதனால அந்த பேட்ச்சுங்களுக்கு இந்தக் கணக்கே போட முடியல.

டியூஷனை விடுங்க, விடைத்தாளை வாங்கிப் பாருங்க. பின்னத்துல மட்டும் திரும்பத் திரும்பத் தப்புன்னா அதை உக்காந்து சொல்லிக்குடுங்க. அங்கொண்ணும் இங்கொண்ணுமா சிதறியிருந்தா பேசாம விட்ருங்க. அடுத்தடுத்து மூணு நாலு பரீட்சையில மைனஸ் 10, 12ன்னு வந்தா அப்ப டீச்சரைப் போய்ப் பாக்கலாம்.

கேள்வி: நான் ஆசிரியர். அடுத்த வருஷம் எல்லா ஸ்கூல்லயும் எல்லாப் பிள்ளையும் ப்ளஸ்ல இருக்கணும்னு மீட்டிங்ல சொல்றாங்க. முடியுமா சார்?

பதில்: அந்தந்த வருஷ சராசரியை வச்சு போடற கணக்குன்னா முடியாது சார். எல்லாரும் ஏறினா சராசரியும் கூடவே ஏறிடுமே. அடுத்த மீட்டிங்ல இதை நீங்களே எந்திரிச்சு சொல்ல வேணாம், கணக்கு வாத்தியாரை விட்டு சொல்லச் சொல்லுங்க.