ஒரு தோட்டம், எண்பது உரிமையாளர்கள்

கேள்வி: பிரான்ஸிலிருந்து வந்த என் அத்தான் 'க்ளோ து வூஜோ' என்னும் ஒயினைப் பற்றிச் சொன்னார். ஒரே தோட்டத்துக்கு எண்பது உரிமையாளர்களாமே, நிஜமா?
– வாசகி, புதுச்சேரி

பதில்: நிஜம்தான் அம்மா. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அக்டோபரில் அந்தச் சுவரோரமாக நடந்திருக்கிறேன். அறுவடை முடிந்து இலைகள் மஞ்சளித்துக் கிடந்தன. யாருடைய பங்கு எங்கே முடிகிறது என்று வெளியாளுக்குச் சட்டெனப் பிடிபடாது. சிலருக்குச் சில வரிசைக் கொடிகள்தான் சொந்தம்.

பிரான்ஸின் கிழக்கே பர்கண்டி என்னும் ஒயின் வட்டாரத்தில், டிஜோன் நகருக்குத் தெற்கே இருக்கிறது இந்தத் தோட்டம். சுமார் 50 ஹெக்டேர். நம் கணக்கில் 125 ஏக்கர். 1098-இல் தோன்றிய சிட்டோ என்னும் கத்தோலிக்க மடத்தின் துறவிகள் 12-ஆம் நூற்றாண்டு முதல் தானமாகவும் விலைக்கும் துண்டு துண்டாகச் சேர்த்த நிலம். 1336-இல் சுற்றுச்சுவர் முழுமை பெற்றது. 'க்ளோ' என்றாலே சுவர் சூழ்ந்த தோட்டம்தான்.

உள்ளே நிற்கும் கட்டடத்தைப் பலர் மடம் என்றே நினைக்கிறார்கள். அது திராட்சை பிழியவும் ஒயினைச் சேமிக்கவும் கட்டியது. அங்கே பழைய பிழி எந்திரங்களைப் பார்த்தேன். முழு மரத்தையே உத்தரமாக வைத்து அழுத்தியிருக்கிறார்கள். அதன் அருகே நின்றபோது பேச்சே வரவில்லை எனக்கு.

பிரெஞ்சுப் புரட்சி மடத்துச் சொத்துகளைப் பறித்து ஏலம் விட்டது. அதற்குப் பிறகும் சுமார் நூறு ஆண்டுகள் தோட்டம் பிளவுபடாமலே இருந்தது. 1889-இல் விற்றபோதுதான் உடைந்தது. பிறகு விற்பனை, வாரிசுப் பங்கு என்று பிரிந்து பிரிந்து எண்பதுக்கு வந்து நிற்கிறது. பிரெஞ்சுச் சட்டப்படி பிள்ளைகளைப் பங்கில்லாமல் ஒதுக்கிவிட முடியாது.

கேள்வி: அத்தனை பேர் செய்தால் எல்லா ஒயினும் ஒரே சுவையாகவா இருக்கும்?
– வாசகர், மதுரை

பதில்: இருக்காது. மேட்டில், கட்டடத்தை ஒட்டிய பகுதியில், மண் மெல்லியது. அடியில் சுண்ணாம்புப் பாறை. மழைநீர் நிற்காமல் இறங்கிவிடும். கீழே சாலையோரம் கனத்த களிமண், ஈரம் தங்கும். இங்கே விளையும் பினோ நுவார் என்னும் சிவப்பு ஒயின் திராட்சை, வேரடியில் ஈரம் தங்கினால் தாங்காத கொடி. துறவிகள் கையில் இருந்தபோது மேல், நடு, கீழ்ப் பழங்களைக் கலந்து ஒரு சுவைக்குக் கொண்டுவர வழி இருந்தது. இன்று கீழ்மூலையில் மட்டும் நிலம் வைத்திருப்பவருக்கு அந்த வழி இல்லை.

ஆனால் 1937-இல் கிடைத்த சட்ட அங்கீகாரம் சுவருக்குள் இருக்கும் நிலம் முழுவதற்கும் 'கிராண்ட் க்ரூ' என்ற உச்சத் தரத்தையே தருகிறது. பர்கண்டியில் தரப் பெயர் நிலத்துக்கு, பிரான்ஸின் இன்னொரு ஒயின் வட்டாரமான போர்தோவில் பண்ணைக்கு. இந்த ஒரு வேறுபாட்டை எவ்வளவு சொன்னாலும் எனக்கு அலுக்காது. ஆகவே புட்டியில் தோட்டத்தின் பெயரோடு நிறுத்தாமல், தயாரித்தவர் பெயரையும் படியுங்கள். முடிந்தால் அவர் பங்கு மேட்டிலா பள்ளத்திலா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். நல்ல கடைக்காரருக்குத் தெரிந்திருக்கும்.