1948 செங்கோட்டைப் பத்திரத்தில் திருவிதாங்கூர் முத்திரை: போலியா?

தாத்தாவின் 1948 பத்திரத்தில் திருவிதாங்கூர் முத்திரை இருப்பதால் அது போலியோ என்று கேட்கிறீர்கள். அந்த முத்திரையால் அது போலி ஆகிவிடாது. செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில்தான் இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு செங்கோட்டையில் பதிந்த உங்கள் தாத்தாவின் பத்திரத்தில் திருவிதாங்கூர் முத்திரைதான் இருக்க வேண்டும். சென்னை மாகாண முத்திரை இருந்திருந்தால்தான் சந்தேகப்படலாம்.

1947 ஆகஸ்ட் 15 அன்றே எல்லா ஊரும் டெல்லியின் நேரடி ஆட்சிக்குள் வந்துவிட்டதாக நினைப்பதால் வரும் குழப்பம் இது. சமஸ்தானத்தின் திவான் (முதன்மை அமைச்சர்) சி.பி. ராமசாமி ஐயர் அந்த ஜூனில் திருவிதாங்கூர் தனி நாடாகும் என்றே அறிவித்தார். ஜூலை 25 அன்று திருவனந்தபுரத்தில் அவருக்கு வெட்டு விழுந்தது. சில நாட்களில் மகாராஜா இந்தியாவோடு இணையச் சம்மதித்தார். அதுவும் எப்படி? பாதுகாப்பு, வெளியுறவு, தகவல் தொடர்பு மட்டும் டெல்லிக்கு. நிலம், வரி, பத்திரப்பதிவு எல்லாம் சமஸ்தானத்திடமே இருந்தன. 1948 மார்ச்சில் பட்டம் தாணுப்பிள்ளையின் மக்கள் அமைச்சரவை வந்தபோதும் தலைமையில் மகாராஜாதான்.

1949 ஜூலை 1-இல் கொச்சியோடு இணைப்பு. செங்கோட்டை சென்னை மாநிலத்துக்கு வந்தது 1956 நவம்பர் 1-இல்தான்.

ஒன்று பாருங்கள்: தேதியில் 1123 என்று இருந்தால் அது கேரளப் பக்கம் வழங்கும் கொல்லம் ஆண்டு. ஆவணி பிறந்ததிலிருந்து டிசம்பர் வரை 824, ஜனவரியிலிருந்து 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும்.

ஆனால் செங்கோட்டைத் தாலுகா முழுசாகத் தமிழ்நாட்டுக்கு வரவில்லை. நிலம் ஆரியங்காவுப் பக்கம் என்றால் அது இன்றும் கேரளம். வில்லங்கம் பார்க்க அங்கேதான் போக வேண்டும்.