ஹோஸ் கழன்றதற்கு டர்போவையே மாற்ற வேண்டுமா?

நண்பரே, மேடு ஏறும்போது உங்கள் டீசல் ஸ்விஃப்டின் இழுவை போய்க் கரும்புகை வந்ததற்கு, இன்டர்கூலர் ஹோஸ் கழன்றதே போதுமான காரணம். டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி; அந்தக் காற்றை ஆற்றுவது இன்டர்கூலர்; காற்று போகும் ரப்பர் குழாய்தான் ஹோஸ். ஹோஸுக்குள் ஆயில் இருப்பதால் டர்போ போச்சு என்று மெக்கானிக் சொன்னதை அப்படியே ஏற்காதீர்கள். லேசான ஆயில் பூச்சு சகஜம். தேங்கி நின்றால்தான் கவலை.

முதலில் ஹோஸின் வாயையும் குழாய் முனையையும் பிசுக்குப் போகத் துடையுங்கள். முனையில் மேடான விளிம்பு ஒன்று இருக்கும். ஹோஸ் அதைத் தாண்டி உட்கார்ந்து, அதை இறுக்கும் வளையமான கிளாம்ப் விளிம்புக்குப் பின்னால் விழ வேண்டும். விளிம்பின் மேலேயே முறுக்கினால் மறுபடி கழன்றுவிடும். கிளாம்ப் புதிதாகவே போடுங்கள்.

அப்புறம், எஞ்சின் ஆறியபின் டர்போவின் இறக்கை சுழலும் தண்டை உங்கள் முன்னால் ஆட்டிக் காட்டும்படி மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். பக்கவாட்டில் மிக லேசாக ஆடலாம். தண்டின் நீளவாக்கில் முன்னும் பின்னும் ஆடினாலோ, இறக்கை உறையில் உரசினாலோ அவர் சொன்னது சரி. அதைக் காட்டாதவரை டர்போவுக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.