மலைக்குளிரில் முதுமை: கொழும்பிலிருந்து கேட்கும் பிள்ளைகளுக்கு

மார்கழி பிறந்துவிட்டால், கொழும்பில் வேலை பார்க்கும் மலையகப் பிள்ளைகளிடமிருந்து தோட்டத்தில் இருக்கும் தாய் தகப்பனைப் பற்றிய கேள்விகள் வரத் தொடங்கிவிடும். முதியோரைப் பார்க்கும் வைத்தியர் என்ற வகையில் அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதிலளிக்கிறேன்.

நுவரெலியாவை அடுத்த ஒரு தோட்டத்தில், லயக் காம்பராவில் (தொழிலாளர் வரிசை வீட்டு அறையில்) இருக்கும் என் அம்மாவுக்கு 74 வயது. வருடாவருடம் தடித்த ஸ்வெட்டர் அனுப்புகிறேன். ஆனாலும் தை மாதக் காலைகளில் பேச்சு குழறுகிறது, நடை தள்ளாடுகிறது. வெயில் ஏறியதும் சரியாகிவிடுகிறது. வயதுதானே என்று விட்டுவிடலாமா? (வெள்ளவத்தை வாசகி)

விட்டுவிடக் கூடாது. உடலின் உள்வெப்பம் 35 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால், நீங்கள் சொல்லும் இதே குழறலும் தள்ளாட்டமும் தூக்கக் கலக்கமும் வரும். முதுமையில் குளிருக்கு நடுங்குவது குறைந்து, குளிரை உணரும் தன்மையும் மங்கிவிடுவதால், அம்மா தாமாகவே ‘குளிருது’ என்று சொல்லுவார் என எதிர்பார்த்திருக்க முடியாது. சாதாரண இரசக் காய்ச்சல்மானி 35 பாகையிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்குக் கீழே இறங்கியதை அது காட்டாது. ஆகவே காலையில் யாராவது அவருடைய உடுப்புக்குள் கைவிட்டு வயிற்றைத் தொட்டுப் பார்க்கட்டும். கைகால் சில்லிட்டிருப்பது வழக்கம். வயிறும் சில்லிட்டிருந்தால் அது ஆபத்து.

அந்த நிலையில் தலையையும் உடலையும் கம்பளியால் போர்த்தி, நன்றாக விழித்திருந்து விழுங்கக்கூடியவராக இருந்தால் மட்டும் சூடான இனிப்புத் தேநீர் கொடுத்து, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். கைகாலைத் தேய்ப்பது, சுடுநீர் ஊற்றுவது, பிராந்தி கொடுப்பது மூன்றும் தீங்கு. சீனி வருத்தத்துக்கு மருந்தெடுப்பவராயின் அதிகாலையில் சீனி இறங்கினாலும் இதே கோலம் தெரியும். தைரொயிட் குறைவும் குளிரைத் தாங்கவிடாது. இரண்டையும் சோதித்துவிடுங்கள். முகமோ ஒரு பக்கக் கையோ சோர்ந்தால் அது பாரிசவாதமாக இருக்கலாம்; வெயில் ஏறும்வரை காத்திருக்கக் கூடாது.

ஸ்வெட்டரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இராகலைப் பக்கம் ஒரு பாட்டியைப் பார்க்கப் போனபோது, மகன் அனுப்பிய மூன்று ஸ்வெட்டர்களும் மடிப்புக் கலையாமல் டிரங்குப் பெட்டிக்குள், பூச்சி உருண்டையோடு இருந்தன. கல்யாணம் காட்சிக்குப் போட வைத்திருப்பதாகச் சொன்னார். அவர் உடுத்தியிருந்தது நூல் சேலையும் ஒரு பழைய துவாயும்தான். சுவரில் நான் மாட்டிவைத்த வெப்பமானி விடிய ஐந்து மணிக்கு 10 பாகையைக் காட்டியது. வீட்டுக்குள் குறைந்தது 18 பாகையாவது இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஐரோப்பாவிலும், குளிர்காலத்தில் மிகுதியாக நேரும் இறப்பின் விகிதம் உறைபனி நாடான பின்லாந்தைவிட மிதமான போர்த்துக்கலில் கூடுதலாக இருந்திருக்கிறது. பின்லாந்தின் வீடுகள் குளிரைத் தாங்கக் கட்டப்பட்டவை. அதனால் அடுத்த முறை போகும்போது ஸ்வெட்டரோடு ஒரு சுவர் வெப்பமானியும் கொண்டுபோங்கள். கட்டிலை வெளிச்சுவரிலிருந்து தள்ளிப் போடுங்கள், கதவடி இடுக்கைச் சாக்கால் அடையுங்கள், மெத்தைக்குக் கீழே தடித்த மட்டையை விரியுங்கள், இரவில் குல்லாவும் காலுறையும் போடச் செய்யுங்கள். பழைய ஸ்வெட்டரைக் கட்டிலின் மேலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

அப்பா இரவில் கரிச்சட்டியைக் காம்பராவுக்குள் வைத்து, கதவு யன்னலைச் சாத்திக்கொண்டு படுக்கிறார். பரவாயில்லையா? (கொட்டாஞ்சேனை வாசகர்)

இன்றிரவே நிறுத்தச் சொல்லுங்கள். கரியிலிருந்து வரும் காபனோரொட்சைட்டுக்கு மணமும் நிறமும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். படுக்குமுன் தணலை வெளியே வைத்துவிட்டு, சுடுநீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றிப் போர்வைக்குள் வைக்கலாம். சீனி வருத்தத்தால் காலில் உணர்ச்சி குறைந்தவரென்றால் அதைக் காலோடு சேர்த்து வைக்க வேண்டாம், வெந்தாலும் அவருக்குத் தெரியாது.

அம்மா மெலிந்துகொண்டே போகிறார். மூன்று வேளையும் ரொட்டியும் பிளேன்டீயும்தான். சத்து மாவு வாங்கி அனுப்பட்டுமா? (மட்டக்குளி வாசகி)

முதலில் மெலிவுக்குக் காரணம் தேட வேண்டும். காசநோய், சீனி, புற்றுநோய், மனச்சோர்வு, பல் இல்லாமை ஆகிய எதுவும் இதற்குப் பின்னால் இருக்கலாம். தானாக எடை குறைதல், ஓயாத களைப்பு, கைப்பிடி தளர்தல், நடை மெதுவாதல், நடமாட்டம் குறைதல் ஆகிய ஐந்தில் மூன்று இருந்தால் அதை முதுமை நலிவு என்கிறோம். 2001இல் அமெரிக்க முதியோர் மருத்துவ ஆய்வாளர் லிண்டா ஃபிரீடும் அவருடைய குழுவினரும் வகுத்த அளவுகோல் அது. நலிவு வெறும் வயதன்று. உணவாலும் பயிற்சியாலும் ஓரளவு மீட்கக்கூடியது.

சிறுநீரக நோய் இல்லாத முதியவருக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும். 45 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அது 45 கிராமுக்குக் குறையாது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் இருக்கிறது. அனுப்புகிற மாவுப் பணத்துக்கு முட்டை, பருப்பு, கௌபி, உப்புக் கழுவிய நெத்தலி வாங்கலாம். பல் இல்லையென்றால் பருப்பைக் குழைய வேகவைத்து ரொட்டியை அதில் ஊறவைக்கலாம். உணவோடு சேர்த்துக் குடிக்கும் தேநீர் இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்வதைத் தடுக்கும். வாழ்நாளெல்லாம் கொழுந்து பறித்தவரிடம் தேநீரை விடச் சொல்ல எனக்கு மனம் வராது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கட்டும்.

78 வயதான அப்பாவைக் கொழும்புக்கு வரச் சொன்னால் மறுக்கிறார். வற்புறுத்தலாமா? (வத்தளை வாசகர்)

இது மருந்தால் தீரும் விடயமல்ல. அவர் ஏன் மறுக்கிறார் என்று கேட்டீர்களா? வேலையோடு பிணைந்த, பெரும்பாலும் உறுதிப்பத்திரம் இல்லாத அந்தக் காம்பராவை விட்டு இறங்கினால் அது கைவிட்டுப் போய்விடும் என்ற பயம் பலருக்கு உண்டு. அதை வெளியில் சொல்லாமல் ‘எனக்கு அங்க ஒத்து வராது’ என்று முடித்துவிடுவார்கள். லயத்தில் ஒருநாள் அவர் இஸ்தோப்புக்கு (வாசல் திண்ணைக்கு) வராவிட்டால் பக்கத்து வீட்டார் கதவைத் தட்டுவார்கள். மாடிவீட்டில் அடைபட்ட முதியவரை யார் தேடுவார்கள்? இடம் மாறிய முதல் வாரங்களில், குறிப்பாக மறதி உள்ளவர்களுக்கு, புத்தி தடுமாறுவதையும் நான் அடிக்கடி பார்க்கிறேன். கொழும்பு வெக்கையும் அவருக்குப் பாரந்தான்.

என்றாலும் மீண்டும் மீண்டும் விழுகிறார், அடுப்பை அணைக்க மறக்கிறார், இரவில் துணைக்கு ஆளில்லை என்றால் அவர் அங்கே தனித்திருக்க நான் உடன்படமாட்டேன். தை, மாசிக்கு மட்டும் வந்து தங்கட்டும், சாவி அவர் கையிலேயே இருக்கட்டும்.

இரவில் வெளியே உள்ள கக்கூசுக்குப் போகும்போது தாத்தா இருமுறை வழுக்கி விழுந்தார். நள்ளிரவில் இப்படி நடந்தால் என்ன செய்வது? (தெமட்டகொடை வாசகர்)

மூடியுள்ள வாளியொன்றைக் கட்டிலருகே வையுங்கள். பேத்திமார் முன்னால் கூச்சப்படுவார். ஒரு திரை கட்டிக் கொடுங்கள். பிரஷருக்குச் சிறுநீர் போக்கும் மாத்திரை எடுக்கிறாரானால் அதைக் காலையில் எடுக்கலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். எழும்பியதும் ஒரு நிமிடம் கட்டில் ஓரத்தில் இருந்துவிட்டு நடக்கட்டும்.

1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். ஆனால் தோட்டப் பாதையில் அது எதுவரை வரும் என்பதைப் பகலிலேயே விசாரித்து வையுங்கள். லயத்தில் ஓட்டோ வைத்திருப்பவர் யார், படி வழியே தாத்தாவைத் தூக்கி வரக்கூடிய இருவர் யார் என்று பேசி, அவர்களுடைய தொலைபேசி எண்களைப் பெரிய எழுத்தில் எழுதிக் கதவின் உட்புறத்தில் ஒட்டுங்கள்.